கடைசி நாள் சுவடு

சாமான்களையெல்லாம் கட்டி முடித்த பிறகுதான் அந்தச் செய்தி வந்தது.

கட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. இரண்டு சாக்குப் பாத்திரம், ஒரு மடக்குக் கட்டில், முருகன் படம், என் மனைவி சந்தனமாரியின் மருந்துப் பெட்டி. கடைசிச் சாக்கின் வாயை முடிந்துகொண்டிருந்தபோது போன் கிணுங்கியது. வாசித்துக் காட்டச் சொன்னால் போனே வாசிக்கும். நான் அப்படிக் கேட்பதில்லை. தலை நரைத்த பிறகு தொழிற்சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து கற்ற எழுத்து, சும்மா கிடந்தால் துருப்பிடித்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தாண்டினேன்.

"வருந்துகிறோம்" என்று இருந்தது. அத்தோடு எனக்குப் புரிந்துவிட்டது. கம்பெனி வருந்தினால் நம்மிடமிருந்து ஏதோ போய்விட்டது என்று அர்த்தம்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் சந்தனமாரி.

"திங்கக்கிழமை வர வேண்டாமாம்."

"அப்போ செவ்வாக்கிழமையா?"

"எந்தக் கிழமையும் வேண்டாமாம். குடுத்த வேலையத் திருப்பி எடுத்துக்கிட்டானுவ."

அவள் நான் முடிந்த சாக்கை அவிழ்த்து, உள்ளே கைவிட்டு டீச்சட்டியை மட்டும் வெளியே எடுத்தாள். அடுப்பில் வைத்தாள். டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வழக்கம்போலப் பாதி டம்ளர். கொஞ்ச காலமாகவே எனக்குப் பாதிதான் ஊற்றுகிறாள். பால் விற்கிற விலைக்குச் சிக்கனம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினால் இன்னொரு பாதி ஊற்றுவாள். இது என்ன பழக்கம் என்று ஒருநாள் கேட்டதற்கு, "ஆறாம இருக்கும்ல" என்றாள். சரிதான் என்று விட்டுவிட்டேன்.

"பழைய வேலைய விட்டு எழுதிக் குடுத்ததத் திரும்ப வாங்க முடியாதாங்க?"

"தாவீது மேஸ்திரியப் பாத்துக் கேக்கேன்."

"நான் அன்னைக்கே சொன்னேன். இருக்க இடத்துலயே இருந்துருவோம்னு."

சொன்னாள்தான். புது இடத்தில் என்னென்னவோ சோதனை எல்லாம் உண்டாமே என்றுகூடக் கேட்டாள். பயந்த பெண்பிள்ளைப் பேச்சு என்று நான்தான் சிரித்தேன்.

நான் பழைய கம்பெனியை விட்டதே அவளுக்காகத்தான். சின்ன வயதிலிருந்து உப்பளத்தில் நின்று வெயில் குடித்த உடம்பு அவளுடையது. உச்சிவேளையில் யாரும் வெளியில் நின்று வேலை செய்யக் கூடாது என்று அரசாங்கமே சட்டம் போட்டுவிட்ட காலம் இது. வெளியில் நிற்காதே என்று சொல்லிவிடலாம். தகரக் கூரைக்கடியில் படுக்காதே என்று யார் சொல்வது? போன கோடையில் வீட்டுக்குள்ளேயே விழுந்தாள். பேச்சு திரும்ப ஒரு வாரம் ஆயிற்று. இன்னொரு கோடை இந்தக் கூரைக்கடியில் தாங்க மாட்டாள் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார்.

தீவுத்துறை கம்பெனியில் வேலைக்குப் போகிறவனுக்குக் குளிர்வீடு உண்டு. தூத்துக்குடிக் கடலுக்குள் மண்ணைக் கொட்டி எழுப்பிய துறைமுகம் அது. வீடுகளெல்லாம் தரைக்குக் கீழே. சுவருக்குள் குழாய் போட்டு ஆழத்துக் கடல்தண்ணீரை ஓட விட்டிருக்கிறார்கள். வேலை கேட்டுப் போனபோது ஒரு வீட்டைத் திறந்து காட்டினார்கள். நான் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கூட வந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

வேலை எனக்குப் புதிதில்லை. கூடு போட்டுச் சரக்கு இறக்குவது. கூடு என்றால் இரும்பில் செய்த மனிதக் கூடு. முதுகோடும் கைகாலோடும் வாரால் இறுக்கிக்கொள்ள வேண்டும். கையைத் தூக்க நினைத்தால் அதுவும் தூக்கும். நாம் தூக்குவது ஒரு பங்கு, அது தூக்குவது ஒன்பது பங்கு. கிரேன் கை நுழையாத கப்பல் அடித்தட்டுகளில் இன்னும் எங்களைப் போன்றவர்கள்தான் இறங்க வேண்டியிருக்கிறது. மனிதனைப் போலில்லாமல் கூட்டுக்கு மறதி கிடையாது. வைத்த அடி, எடுத்த மூச்சு, நரம்பில் ஓடியது எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். அதைச் சுவடு என்போம். ஒருவன் கம்பெனி மாறினால் அவனுடைய கடைசி நாள் சுவட்டைப் புதுக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்.

அந்தக் கடைசி நாளில்தான் எல்லாம் நடந்தது. அல்லது அன்றைக்கு நடந்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கேங்கில் ஒரு வழக்கம் உண்டு. தோள் மாற்றுவது என்போம். ஒருவன் வேலையை விட்டுப் போகும்போது, கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு தடவை அவனுடைய கூட்டைப் போட்டு ஒரு சிப்பம் சரக்குச் சுமப்பார்கள். அவன் உடம்பில் ஏறிய பாரத்தை இங்கேயே இறக்கிவிட்டு அனுப்புவதாக ஒரு எண்ணம். போகிறவன் அதைப் பார்க்கக் கூடாது. கடலைப் பார்த்து உட்கார்ந்து பன்னீர் சோடா குடிக்க வேண்டும். சுமந்து முடித்தவன் வந்து அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவான். எல்லோரும் தட்டிய பிறகு போகிறவன் எழுந்துபோய் கடைசிச் சிப்பத்தைத் தானே சுமப்பான். அவ்வளவுதான்.

ஒருவன் கூட்டை இன்னொருவன் போடுவது கம்பெனியில் பெரிய குற்றம். மாட்டினால் வேலை போகும், பத்துப் பைசா கைக்கு வராது. தாவீது மேஸ்திரி மட்டும் அந்த நேரத்தில் ஒன்றுக்குப் போய்விடுவார். அதுவும் வழக்கத்தில் சேர்ந்ததுதான்.

வயதில் இளையவன் முதலில், மூத்தவர் கடைசியில். அன்றைக்கு முதலில் சேவியர் வந்து தட்டினான். பிறகு நெட்டைக்கால் பூவலிங்கம். பிறகு அலாவுதீன். கடைசியில் தொம்மையண்ணன்.

தொம்மையண்ணன் கை நடுங்கும் என்பது கேங்குக்கு மட்டும் தெரிந்த சங்கதி. டீக் கிளாசைக் கையில் பிடிக்க மாட்டார். கல்லின்மேல் வைத்துவிட்டு, கோழி தண்ணீர் குடிப்பதுபோல் குனிந்து உறிஞ்சுவார். "சூசையப்பருக்கு வணக்கம் போடுதீரா?" என்று சேவியர் நக்கலடிப்பான். கூட்டுக்குள் போய்விட்டால் நடுக்கம் வெளியே தெரியாது. சிப்பம் ஒழுங்காக இறங்கினால் கம்பெனிக்கும் ஆளைப் பற்றிக் கவலையில்லை.

அவர் என் முதுகில் தட்டிவிட்டு, "எந்திரில, உன் மூட்டைய நீ தூக்கு" என்றார். எழுந்து போய்த் தூக்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

○

தீவுத்துறை கம்பெனியின் ஆபீஸ் கரையிலேயே இருக்கிறது. காரணம் கேட்காமல் விடுவதில்லை என்று போனேன். உள்ளே இருந்த குளிரில் வேர்வைச் சட்டை முதுகில் ஜில்லென்று ஒட்டியது. ஆள் எடுக்கிற அதிகாரி ஒரு சின்ன வயதுப் பெண். மெர்லின் என்று சட்டையில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். என்னைவிடக் களைத்த முகம்.

"உக்காருங்க அண்ணாச்சி. நேர்ல வந்து காரணம் கேக்கறவங்க கம்மி. போன்லயே திட்டிட்டு விட்டுருவாங்க."

"திட்டத் தெம்பு இல்லம்மா. அங்க வேலைய விட்டு எழுதிக் குடுத்தாச்சி. வீட்டச் சாக்குல கட்டியாச்சி. இப்ப வேண்டாம்னா நான் எங்க போறது?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "உங்க சுவடுதான் அண்ணாச்சி காரணம். வாயால சொன்னாப் புரியாது. காட்டறேன், வாங்க."

பக்கத்துக் கூடத்தில் ஒரு கூடு நின்றது. உள்ளே ஆள் இல்லை. வார்கள் எல்லாம் சும்மா தொங்கின. மெர்லின் கையிலிருந்த பலகையில் எதையோ தட்டினாள்.

"இப்ப இது உங்க சுவட்டுல நடக்கும். காலையிலிருந்து போட்டுக் காட்டவா?"

"காலம்பற எல்லா நாளும்போலத்தான். சாயங்காலம் மட்டும் போடுங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சாயங்காலம்தானே தோள் மாற்றியது.

கூடு அசைந்தது. இல்லாத சிப்பத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இல்லாத பலகையில் நடந்தது. பாதி தூரம் போனதும் இடுப்பை ஒரு வெட்டு வெட்டியது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சேவியர்! பலகையில் ஏறினால் அந்தப் பயலால் ஆடாமல் இருக்க முடியாது.

மெர்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா ஆடுவீங்க போல."

"எப்பவாச்சும்மா."

அடுத்த சிப்பம். அகல அகலமாகக் கால் வைத்தது கூடு. பூவலிங்கம். அடுத்தது, வலது இடுப்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு நடந்தது. அலாவுதீன். வாயைத் திறந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள் போலிருந்தது. அவர்களை ஒரே நேரத்தில் அணைத்துக்கொள்ளவும் அறையவும் தோன்றியது எனக்கு.

"நடை மாறிக்கிட்டே இருக்கேம்மா. உங்க மெஷின் ஒண்ணும் சொல்லலையா?"

"களைப்புல நடை மாறும். அத அது கண்டுக்காது. நரம்ப மட்டுந்தான் பாக்கும். இந்தா, இப்ப பாருங்க."

அடுத்த சிப்பத்துக்குக் கூடு குனிந்தது. இரண்டு கையையும் நீட்டியது. நீட்டிய இடத்திலேயே கைகள் நடுங்கின. லேசாகத்தான். ஆனால் விரல் கொக்கிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்று சத்தம் வந்தது. அந்த வெறும் கூடத்தில் அது குளிரில் பல் தந்தியடிப்பது மாதிரி கேட்டது.

அலாவுதீனுக்கு அடுத்தது தொம்மையண்ணன். நான் அந்தக் கைகளையே பார்த்தேன். நடையைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"போதும்மா. நிறுத்துங்க."

மெர்லின் நிறுத்தினாள். கூடு கையை நீட்டினபடியே நின்றுவிட்டது.

"இது கூட்டு நடுக்கம் அண்ணாச்சி. ரொம்ப வருஷம் கூடு போட்டவங்களுக்கு வரும். கூட்டோட அதிர்வு நரம்புல ஏறிரும். போட்டிருக்கறப்ப கூடே அத அமுக்கிரும், வெளிய தெரியாது. சுவடு நரம்பப் பதியுறதால இப்ப தெரியுது. நடுக்கம் வந்தவங்களுக்கே முதல்ல தெரியாது. பக்கத்துல இருக்கறவங்கதான் கண்டுபிடிப்பாங்க."

"வந்துட்டா?"

"அதுக்கப்புறம் எந்தக் கம்பெனியும் கூடு குடுக்கக் கூடாது. சட்டம். பாரத்தோட போறப்ப ஒருநாள் அமுக்க முடியாமப் போச்சுன்னா கீழ நிக்கறவன் செத்துருவான்."

"அப்ப அவன் கதி?"

"வேலையில இருக்கறப்பவே நான் நடுங்கறேன்னு எழுதிக் குடுத்துட்டா, வைத்தியம் அந்தக் கம்பெனி பொறுப்பு. உக்காந்து பாக்கற வேலையும் குடுக்கணும். ராஜினாமா பண்ணிட்டா..." அவள் முடிக்கவில்லை. "யார் பொறுப்பும் இல்ல அண்ணாச்சி."

நான் எழுதிக் கொடுத்த அன்று மேனேஜர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கியது ஞாபகம் வந்தது. அத்தனை வருஷத்தில் அவர் எனக்காக எழுந்ததே இல்லை. வழக்கமாக விடுவிக்க ஒரு மாதம் இழுப்பார்கள். என்னை அந்த வாரமே விட்டுவிட்டார்கள். நல்ல மனுசன் என்று வீட்டில் வந்து சொன்னேன்.

மெர்லின் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. கேங்குல ஒருத்தர் கூட்ட ஒருத்தர் போடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இது உங்க கை இல்லன்னா சொல்லுங்க. யாரு போட்டாங்கன்னு பேர எழுதிக் குடுத்தா மறுசோதனைக்கு நானே ஏற்பாடு பண்றேன். வீடு இன்னும் வேற யாருக்கும் போகல."

வீடு இன்னும் வேறு யாருக்கும் போகவில்லை.

அந்தச் சுவரின் குளிர் என் கன்னத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. சந்தனமாரி அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதுகூடத் தெரிந்தது. ஒரு பேர். தொம்மை என்று எழுத எத்தனை எழுத்து? எனக்கு எழுதத் தெரியும். அந்த ஆள் இல்லாவிட்டால் தெரிந்திருக்காது. சங்கத்து வகுப்புக்கு என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது அவர்தான். "கைநாட்டு வைக்கவன வெள்ளத்தாள்லயே வித்துருவானுவல" என்பார்.

பேர் கொடுத்தால் அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள். அடுத்தவன் கூட்டைப் போட்ட குற்றம். வைத்தியமும் கிடைக்காது, உட்கார்ந்த வேலையும் கிடைக்காது. இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிறார். தொடர்ந்து அலாவுதீன், பூவலிங்கம், ஆடுகிற அந்தப் பயல்.

"என்ன அண்ணாச்சி?"

"என் கைதாம்மா."

"நிச்சயமா?"

"என் கூடு, என் கை. வேற யாரு போடப்போறா."

அவள் நான் சொன்னதை நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. வாசல்வரை வந்தாள். "கையப் பாத்துக்குங்க" என்றாள். எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதாக நான் நினைத்தேன்.

○

அங்கிருந்து நேராகப் பழைய கம்பெனி வாசலுக்குப் போனேன். காவலாளி உள்ளே விடவில்லை. நேற்றுவரை என்னிடம் வெற்றிலை வாங்கிப் போட்டவன், இன்று அட்டை இருக்கிறதா என்று கேட்டான். தாவீது மேஸ்திரியைக் கூப்பிட்டுவிட்டான், அந்த மட்டுக்கும் நல்லது.

மேஸ்திரி வெளியே வந்து வேப்பமர நிழலுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்ன வே, புது மாப்ள! இன்னும் போவலியா?"

சொன்னேன். சுவடு விஷயத்தைச் சொல்லவில்லை. ஆள் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"உள்ள போய்க் கேட்டுப் பாக்கேன்" என்று போனார். வெயில் மரத்தைச் சுற்றி நகர்ந்தது. நானும் நிழலோடு நகர்ந்து உட்கார்ந்தேன். திரும்பி வந்தபோது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"புதுசா சேருதவன் மாதிரித்தான் சேரணுமாம். சுவடு சோதனை, டாக்டர் சோதனை எல்லாம் உண்டாம்."

"இத்தன வருஷம் இங்கனதான கெடந்தேன் மேஸ்திரி."

"நானும் அதத்தான் சொன்னேன். 'எழுதிக் குடுத்துட்டாருல்லா'ங்கான். சவம், கையெழுத்து வேற அழகாப் போட்டுருக்கீரு." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "வேற எங்கயாவது வெளிவேல சொல்லி வைக்கட்டுமா? உப்பளத்துல ராத்திரிக்கு உப்பு வாருகதுக்கு ஆளு தேடுதானுவ."

"சொல்லி வையும்."

உப்பளத்திலிருந்து ஒருத்தியைக் காப்பாற்றத்தான் கிளம்பினேன். நானே அங்கே போய்ச் சேருகிறேன். சிரிப்பு வந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கொஞ்சம் சிரித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

○

வீட்டில் சாக்குகள் பாதி அவிழ்ந்து கிடந்தன. சந்தனமாரி ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தகரம் சூட்டில் டப்பென்று அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் இமை துடித்தது. கோடை இன்னும் தொடங்கவே இல்லை.

"கிடைக்காது" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். காரணம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வெயில் தாழ்ந்ததும் தொம்மையண்ணன் வந்தார். கையில் ஒரு பொட்டலம் காரச்சேவு. மேஸ்திரி சொல்லித் தெரிந்திருக்கிறது.

"ஏல சுயம்பு, என்னல இப்படி ஆயிட்டு?"

"உக்காருண்ணே."

"எவன்ல சொன்னான் வேண்டாம்னு? அவன் கப்பலு கவுந்துராதா?"

"சவத்த விடுண்ணே. ஆளு வேண்டாம்னுட்டான்."

"வேண்டாதவன் எதுக்குல வீட்டத் தொறந்து காட்டுனான்?" பொட்டலத்தை வாயால் பிரித்தார். கையால் பிரித்தால் சிதறும். "சந்தனம், நீ எப்படிம்மா இருக்க?"

"இருக்கேண்ணே" என்றாள் அவள். டீ போட எழுந்தாள்.

தொம்மையண்ணன் சேவை மென்றார். பிறகு என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்ல. ரெண்டு நாளா தொண்டையில நிக்கி. நீ கோவப்படக் கூடாது."

அவர் சொல்லப்போவது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மனுசனுக்கு மூளை வேலை செய்திருக்கிறது; என் கையால்தானா போயிற்று என்று கேட்கப்போகிறார். இல்லை என்று சொல்ல வாயைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"அன்னைக்குத் தோள் மாத்துனோம்லா. நான் உன் கூட்டப் போடல."

"என்னண்ணே?"

"போடலல. சுமக்கல. அலாவுதீன் வந்து கழட்டி வச்சான். நான் கிட்டப் போனேன். கையப் பாத்தேன். சவம் ஆடுது. இத நான் மாட்டுனா இந்தப் பய சுவட்டுல நம்ம நடுக்கம்லா ஏறும், புது எடத்துல போயிக் கெடுத்துருமேன்னு பயந்துட்டேன். சும்மா கொஞ்சம் நின்னுட்டு வந்து உன் முதுகுல தட்டுனேன். அலாவுதீனுக்குத் தெரியும். நீதான் கடலப் பாத்து உக்காந்திருந்தியே."

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"இப்ப இப்படி ஆனதும், வழக்கத்த மீறுனதாலதான் ஆகாமப் போச்சோன்னு மனசு அடிக்கி. ஒரு சிப்பம் உனக்காகச் சுமக்காமப் போயிட்டேனேன்னு. ஏல, என்னல அப்படிப் பாக்க? தப்புத்தான்."

"இல்லண்ணே. தப்பில்ல."

அலாவுதீனுக்கு அடுத்து தொம்மையண்ணன் இல்லை. அலாவுதீனுக்கு அடுத்து ஒரே ஒருவன்தான் அந்தக் கூட்டுக்குள் போனான். பன்னீர் சோடாப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனவன். எல்லோரும் கைதட்டினார்களே, அவன்.

அந்தக் கூடத்தில் சேவியரைத் தெரிந்தது எனக்கு. பூவலிங்கத்தைத் தெரிந்தது. அலாவுதீனின் இடுப்பைத் தெரிந்தது. என்னைத்தான் எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து தன்னைப் பார்த்தவன் யார் இருக்கிறான்?

காலையிலிருந்து போட்டுக் காட்டவா என்று அந்தப் பெண் கேட்டாளே. காலையிலும் இதே கைதான் நடுங்கியிருக்கும்.

"ஏல, ஏதாவது பேசுல" என்றார் தொம்மையண்ணன்.

பேசுவதற்கு ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று.

"அண்ணே, என்ன ஆனாலும் வேலைய விட்டு எழுதிக் குடுத்துராத. நாளைக்கு உள்ள போனதும் மேனேஜர் முன்னால கைய நீட்டு. எனக்கு நடுங்குதுன்னு நீயே எழுதிக் குடு. வைத்தியமும் உக்காந்த வேலையும் அவன் குடுத்தாகணும். சட்டம். உள்ள இருக்கும்போதே குடுக்கணும், கேட்டியா? வெளிய வந்துட்டா ஒண்ணும் கெடையாது."

"யாருல சொன்னா உனக்கு?"

"தீவுத்துறை ஆபீஸ்ல ஒரு பிள்ள சொல்லுச்சி."

"நீ எதுக்குல அந்தப் பிள்ளகிட்ட என் நடுக்கத்தப் பத்திப் பேசுன?"

"உன்னையப் பத்திப் பேசலண்ணே."

அவருக்குப் புரியவில்லை. சேவை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

சந்தனமாரி டீ கொண்டுவந்தாள். தொம்மையண்ணன் முன்னால் ஒரு டம்ளர் வைத்தாள். அவர் கையைத் தெரிந்தவள். சிந்தாமல் இருக்கட்டும் என்று பாதிதான் ஊற்றியிருந்தாள். என் முன்னால் ஒரு டம்ளர் வைத்தாள்.

அதிலும் பாதி.

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். எத்தனை நாளாக என்று கேட்க நினைத்தேன். போன கோடையிலிருந்தா, அதற்கும் முந்தியா. இருக்க இடத்திலேயே இருந்துவிடுவோம் என்றாளே, அப்போது அவளுக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. என் கை மட்டும் தெரியும். நாவில் வந்துவிட்டது.

நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"ஆறாம இருக்கும்ல."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்குப் பக்கம் போனாள். மிச்சமிருந்த பாத்திரத்தை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

டம்ளரைக் கையில் எடுத்தேன். எத்தனையோ வருஷம் எடுத்த டம்ளர்தான். முதல் தடவையாக அதைப் பார்த்துக்கொண்டு எடுத்தேன். டீயின் மேல் வட்டம் வட்டமாக அலை ஓடியது.

எதிரே தொம்மையண்ணன் தன் டம்ளரைத் தரையிலேயே விட்டு, குனிந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். நானும் என்னுடையதைத் தரையில் வைத்தேன். குனிந்தேன்.

உறிஞ்சுகிற சத்தம் நின்றது. அவர் தலையைத் தூக்கவில்லை. குனிந்த தலையோடேயே, "எப்பலேருந்துல?" என்றார்.